யூடியூப் பார்த்து அப்பா சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டார். எந்த வீடியோவை நம்புவது, எதை விடுவது?

கேள்வி – மணப்பாறைப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். நான் வேலை பார்ப்பது பெங்களூரில். அப்பாவும் அம்மாவும் மணப்பாறை பக்கம் கிராமத்தில் இருக்கிறார்கள். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர், வயது 67. சுகர் வந்து பத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. காலையிலும் இரவிலும் மெட்ஃபார்மின் 500, காலையில் மட்டும் கிளிமிப்பிரைடு 1. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்து அக்கா மாதாமாதம் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். மாத்திரை கிடைக்கவில்லை என்ற பேச்சே இல்லை.

போன வாரம் அம்மா போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு விஷயம் சொன்னாள். அப்பா மெட்ஃபார்மினைத் தொடுவதே இல்லையாம். அட்டை பிரிக்காமல் அப்படியே சாமி அலமாரிக்குக் கீழ் டிராயரில் கிடக்கிறதாம். "பெரிய மாத்திரை கிட்னியைத் தின்னுடும், சின்னது பரவாயில்லை" என்று சின்னதை மட்டும் போடுகிறார். அதுவும் ஏதோ வீடியோ சொன்னதுதான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சத்தமாக வைத்துப் பார்ப்பார். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ஒருவர் பேசுகிறார். அவர் சொன்னபடி தினமும் சாயங்காலம் சிறுகுறிஞ்சான் பொடி போட்ட கஷாயம். இன்னொரு வீடியோ பார்த்து ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டார். காபிக்குச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, அது சுகரை ஏற்றாதாம்.

நேரடியாகக் கேட்கவும் முடியவில்லை. கேட்டால் அம்மாதான் போட்டுக் கொடுத்தாள் என்று தெரிந்துவிடும். பொதுவாகப் பேச்சை எடுத்துப் பார்த்தேன். "உன் டாக்டர் என் முகத்தைக்கூடப் பாக்காம ரெண்டு நிமிஷத்துல சீட்டு எழுதுறாரு. இவரு இருபது நிமிஷம் படம் போட்டு விளக்குறாரு. யாரு நல்ல டாக்டர்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

கிட்னி கதையில் உண்மை இருக்கிறதா? இந்த வீடியோக்களில் எது சரி, எது தப்பு என்று நம்மைப் போன்றவர்கள் கண்டுபிடிக்க வழி உண்டா? வீட்டில் சுகர் பார்க்கும் மெஷின் இருக்கிறது, காலையில் வெறும் வயிற்றில் 190க்குப் பக்கம் காட்டுகிறதாம். அப்புறம் ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது என்றும் அம்மா சொன்னாள். அதற்கும் அப்பா, "நச்சு வெளியேறுது, இப்படித்தான் இருக்கும்னு வீடியோவுலயே சொல்லியிருக்காங்க" என்கிறாராம்.

பதில் – சும்மா ஒருத்தன்

வைஃபை பாஸ்வேர்டை மாத்துங்க. பிரச்சினை முடிஞ்சது.

மணப்பாறைப் பெண்

வைஃபையே இல்லை அண்ணா. தினம் 2 ஜிபி ரீசார்ஜ். கட் பண்ணினால் பக்கத்து வீட்டு டீக்கடையில் உட்கார்ந்து பார்ப்பார்.

பதில் – திண்டுக்கல் மெடிக்கல்

தங்கச்சி, நான் திண்டுக்கல்லில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். பி.பார்ம். படித்தவன், டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

உங்கள் அப்பா மாதிரி ஆட்கள் தினம் கடைக்கு வருகிறார்கள். முன்பு சீட்டை நீட்டுவார்கள், இப்போது போனை நீட்டுகிறார்கள். "இதுல காட்டுற டப்பா இருக்கா?" வீடியோவை நிறுத்தி வைத்த இடத்தில் அந்த ஆளின் விரல் லேபிளை மறைத்துக்கொண்டிருக்கும். நான் முன்னும் பின்னும் தள்ளித் தேட வேண்டும், பின்னால் வரிசை நிற்கும்.

கிட்னி விஷயம். அது முழுப் பொய்யாக இருந்தால் மறுப்பது சுலபம், அரை உண்மையாக இருப்பதுதான் வம்பு. மெட்ஃபார்மின் உடம்பிலிருந்து வெளியேறுவது கிட்னி வழியாக. கிட்னி எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்பதை இஜிஎஃப்ஆர் என்று ரிப்போர்ட்டில் எண்ணாகப் போடுவார்கள். அது 30க்குக் கீழே போனால் டாக்டர் மெட்ஃபார்மினை நிறுத்திவிடுவார். 30க்கும் 45க்கும் நடுவில் என்றால் பெரும்பாலும் அளவைக் குறைப்பார். இல்லாவிட்டால் மருந்து வெளியே போகாமல் தேங்கி, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. ஆக, கிட்னி ஏற்கெனவே கெட்டவருக்கு இந்த மாத்திரை நிறுத்தப்படுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? "பத்து வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிட்டாரு, கிட்னி போச்சு, டாக்டரே நிறுத்துன்னுட்டாரு." முன்பின் மாறிவிட்டது. வீடியோ போடுகிறவருக்கு இந்த மாறிய கதைதான் வசதி. உண்மையில் கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சுகரும் பிரஷரும்.

மெட்ஃபார்மினுக்குப் பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும். பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 சத்து குறையலாம், கால் மதமதப்பு இருந்தால் அதைப் பார்க்கச் சொல்வார்கள். அப்பாவுக்கு மூலிகை மேல் நம்பிக்கை என்றால் இதையும் சொல்லுங்கள்: மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு செடிதான். ஐரோப்பாவில் நாட்டு மருந்தாக இருந்த கலீகா என்ற செடியின் சத்தை ஆராய்ந்துகொண்டே போய், 1957ல் பிரான்சில் சுகருக்கு மருந்தாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

எந்த வீடியோவை நம்புவது என்றால், கடைக்காரனாக நான் முதலில் பார்ப்பது அது என்ன செய்யச் சொல்கிறது என்பதை. "நட, உப்பைக் குறை, காலைத் தினம் கவனி" என்றால் யார் சொன்னாலும் கேட்டுவிட்டுப் போகலாம், பெரிய நஷ்டமில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை "நிறுத்து" என்று ஒரு வீடியோ சொன்னால், பேசுகிறவர் யாராக இருந்தாலும் அங்கேயே மூடிவிடலாம். நிறுத்தலாமா என்று தெரிய உங்கள் அப்பாவின் கிரியாட்டினின், அதாவது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு, எத்தனை என்று தெரிய வேண்டும். வீடியோவில் பேசுகிறவருக்கு அது தெரியாது, லட்சம் பேருக்குச் சேர்த்துப் பேசுகிறார். ஒரு டயாலிசிஸ் நோயாளியின் மகன் என்னிடம் வந்து, வீடியோ பார்த்து, கிட்னிக்கு நல்லது என்று அப்பாவுக்குத் தினம் ரெண்டு இளநீர் கொடுப்பதாகச் சந்தோஷமாகச் சொன்னார். நல்ல கிட்னி உள்ளவருக்கு இளநீர் அமிர்தம். டயாலிசிஸில் இருப்பவருக்கு அதிலிருக்கும் பொட்டாசியம் நெஞ்சுத் துடிப்பையே குழப்பிவிடும். அந்த வீடியோ இளநீர் நல்லது என்றது பொய் இல்லை, யாருக்கு என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். பிரஷருக்கு இந்துப்பு வாங்குகிறவர்களும் இதே ரகம். அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். கருப்பட்டியும் சர்க்கரையின் அண்ணன்தான், சுகரை ஏற்றும்.

அடுத்தது, அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்பது. இரண்டு நிமிஷம், இருபது நிமிஷம் என்று அவர் சொன்னது நியாயமான கோபம். அதை மறுக்காதீர்கள். அவர் பயம் கிட்னியைப் பற்றியது. சரி, கிட்னியையே பார்த்துவிடுவோம் என்று சொல்லுங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், கூடவே கடந்த மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி. வீடியோவோடு சண்டை போட்டால் நீங்கள் தோற்பீர்கள். கிட்னிக்கு டெஸ்ட் என்றால் அவரே முன்னால் கிளம்புவார், அம்மா பெயரும் அடிபடாது.

பதில் – வடபழனி எடிட்டர்

நான் இந்த வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைத்தவன். ஹெல்த் சேனல்களுக்கு நிறைய எடிட் பண்ணியிருக்கிறேன், இப்போது கல்யாண வீடியோவுக்கு வந்துவிட்டேன். உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் தம்ப்நெயில், அதாவது வீடியோவின் முகப்புப் படம், தயாராகும், அப்புறம்தான் விஷயம். "சுகர் நார்மல்" என்று வைத்தால் யாரும் தொட மாட்டார்கள். "இதைச் சாப்பிடாதீர்கள்!" என்று சிவப்பு எழுத்தில், பக்கத்தில் அழுகிப்போன கிட்னி படம். அது பெரும்பாலும் ஏதோ இலவசப் பட சைட்டிலிருந்து எடுத்தது, சில நேரம் அது கிட்னியே இல்லை. ஸ்கிரிப்ட் வெளிநாட்டு வீடியோ ஒன்றைத் தமிழாக்கியதாக இருக்கும். நடுவே அவகாடோ என்று வரும் இடத்தில் கொய்யா என்று மாற்றிவிடுவோம். ஏன் கொய்யா என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

அப்பா "இருபது நிமிஷம் விளக்குறாரு" என்று சொன்னாரே, அந்த இருபது நிமிஷம் அவருக்காக இல்லை. எட்டு நிமிஷத்தைத் தாண்டினால் வீடியோ நடுவிலும் விளம்பரம் போடலாம். அதனால் "அந்த ஒரு பொருள் என்னன்னு கடைசியில சொல்றேன்" என்று இழுப்போம். கமெண்டில் "எனக்குக் குணமாயிற்று ஐயா" என்று வருவதில் பாதி உண்மையான ஆட்கள்தான். ஒன்றும் ஆகாதவர்கள் கமெண்ட் போட மெனக்கெட மாட்டார்கள், நிலைமை மோசமானவர்கள் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள்.

கோட்டு போட்டவர் எல்லாம் டாக்டர் இல்லை. நான் எடிட் பண்ணிய ஒரு சேனலில் கோட்டு ஆபீசில் ஆணியில் தொங்கும், அன்றைக்குப் பேசுகிறவர் மாட்டிக்கொள்வார். 2023 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, உடல்நல நிபுணர் என்று பேசும் இன்ஃப்ளுயன்சர்கள் தாங்கள் தகுதி பெற்றவர்களா என்பதைச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டுதல் போட்டது. எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று நீங்களே பாருங்கள். இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. தேவி ஷெட்டி, நரேஷ் ட்ரெஹான் மாதிரி பிரபல இதய மருத்துவர்களின் முகத்தையும் குரலையும் வைத்தே போலி வீடியோ செய்து, விஷயம் டில்லி உயர் நீதிமன்றம் வரை போயிற்று. தெரிந்த முகம் என்பதற்காகவும் நம்ப முடியாது.

ஒரு சுலபமான வேலை: வீடியோவுக்குக் கீழே "மேலும்" என்று இருக்குமே, அதைத் தட்டிப் பாருங்கள். பொடி வாங்க லிங்க், வாட்ஸ்அப் நம்பர், கூரியர் கட்டணம் இருந்தால் நீங்கள் பார்த்தது விளம்பரம். அப்பா குடிக்கிற சிறுகுறிஞ்சான் பொடி எங்கே வாங்கியது என்று அம்மாவிடம் கேளுங்கள்.

பதில் – பாளை சித்தா

மேலே பேசியவர்கள் எல்லோரும் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ராத்திரி வியர்வை, கை நடுக்கம். அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த சித்த மருத்துவர். சிறுகுறிஞ்சான் வீரியமுள்ள மூலிகை. இலையை மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போட்டால் இனிப்பே தெரியாது, வேண்டுமானால் செய்து பாருங்கள். வீரியம் இருக்கிறது என்பதாலேயே பயம். அப்பா நிறுத்தியது மெட்ஃபார்மினை. அது தனியாகச் சுகரை அபாயமாக இறக்கும் மருந்து இல்லை. அவர் விடாமல் போடுவது கிளிமிப்பிரைடு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைப்பது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் நாள் முழுக்க வேலை செய்யும். அதன் மேல் சாயங்காலம் சிறுகுறிஞ்சான், அதற்கும் மேல் ராத்திரிப் பட்டினி. வயது 67. சுகர் தாழ்ந்துபோகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. நச்சு வெளியேறுவது, மண்ணாங்கட்டி எல்லாம் ஒன்றுமில்லை. காலையில் 190 காட்டுவதால் ராத்திரி இறங்கவில்லை என்று ஆகிவிடாது.

அம்மாவுக்கு இப்போதே போன் போடுங்கள். வியர்க்கும் நேரத்தில் மெஷினில் பார்க்கச் சொல்லுங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுக்க வேண்டும், ஏறிய பிறகு கொஞ்சம் சாப்பாடு. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். ராத்திரிச் சாப்பாடு இன்றைக்கே திரும்ப ஆரம்பிக்கட்டும், கஷாயம் டாக்டரைப் பார்க்கும் வரை வேண்டாம்.

எங்கள் துறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வீடியோ ஆள் சித்தர் பெயரைச் சொல்லித்தான் விற்பார், திட்டு எங்களுக்கு வரும். பதிவு பெற்ற சித்த மருத்துவர் நாடி பார்ப்பார், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார், அப்புறம்தான் மருந்து. சுகரைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்ய 1954ஆம் வருடச் சட்டமே தடை போட்டிருக்கிறது. டப்பா பொடியில் இன்னொரு சிக்கல்: மூலிகைப் பொடி என்ற பெயரில் ஆங்கில சுகர் மாத்திரையை அரைத்துக் கலந்த சரக்குகள் பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கின்றன. லேபிளில் உற்பத்தி உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில் – சமூக மருத்துவம் பி.ஜி.

பாளை சித்தா அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள். வீடியோ பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

பார்வை எண்ணிக்கையை வைத்துத் தரத்தை எடை போடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். புராஸ்டேட் புற்றுநோய் பற்றிய 150 யூடியூப் வீடியோக்களை ஆராய்ந்து 2018ல் ஐரோப்பிய சிறுநீரகவியல் இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. வீடியோவிலோ கமெண்டிலோ தவறாக வழிநடத்தக்கூடிய அல்லது ஒருதலைப்பட்சமான விஷயம் 77 சதவீதத்தில் இருந்தது. தரம் குறைந்தவற்றுக்குத்தான் பார்வை அதிகம். கொரோனா தொடங்கிய நேரத்தில் அதிகம் பார்க்கப்பட்ட ஆங்கில வீடியோக்கள் 69ஐ எடுத்துப் பார்த்தபோது, கால் பங்குக்கும் மேல் தவறான தகவல். அவற்றை மட்டும் 6 கோடி தடவைக்கு மேல் பார்த்திருந்தார்கள்.

அதற்காக வீடியோவையே ஒதுக்காதீர்கள். கையால் செய்யும் வேலைகளுக்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் பிடிக்கத் தெரியாமல் மருந்தைத் தொண்டையிலேயே விடும் நோயாளிகளிடம் நானே போனில் வீடியோ போட்டுக் காட்டுகிறேன். இன்சுலின் ஊசி போடுவது, இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் சிபிஆர், இதெல்லாம் எழுதிப் புரியவைக்க முடியாது. ஆபத்து எதில் என்றால், நேரம் முக்கியமான நோய்களில். பக்கவாதம் வந்தவருக்கு விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகும் என்று ஒன்று இன்னும் சுற்றுகிறது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. பத்து விரலையும் குத்தி முடித்து, வண்டி பிடித்து வருவதற்குள் அது ஓடிவிடும்.

பேசுகிறவர் டாக்டரா என்று பார்க்க, தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு இருக்கிறது. பெயரோ பதிவு எண்ணோ போட்டுத் தேடலாம். பெயர் இருந்தால் மட்டும் போதாது, என்ன துறை என்றும் பாருங்கள். எலும்பு டாக்டர் கிட்னி பற்றி வீடியோ போடுவதும் நடக்கிறது.

மணப்பாறைப் பெண்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எட்டரைக்கு அம்மா பார்த்தாள், 61. குளுக்கோஸ் கொடுத்துச் சாப்பிட வைத்த பிறகு 104. அப்பா, "மெஷின் பழசு, தப்பாக் காட்டுது" என்றாராம். ஆனால் நடுக்கம் நின்றதை அவராலும் மறுக்க முடியவில்லை. ராத்திரி இட்லி சாப்பிட ஒப்புக்கொண்டிருக்கிறார். மாத்திரை பற்றி இன்னும் வாயைத் திறக்கவில்லை. கிட்னி டெஸ்ட் என்றதும் திண்டுக்கல் அண்ணன் சொன்ன மாதிரியே "எப்ப போகலாம்" என்று கேட்டார். நாளைக் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அம்மா கூட்டிப் போகிறாள். நான் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன். எடிட்டர் அண்ணா, பொடி கூரியரில் வந்ததுதான். சித்தா அக்கா, லேபிளில் உரிம எண் எதுவும் இல்லை, ஒரு சாமி படமும் போன் நம்பரும் மட்டும்.

நாளை வெறும் வயிற்றோடு போக வேண்டுமா? காலையில் அந்தச் சின்ன மாத்திரையைப் போடலாமா?

திண்டுக்கல் மெடிக்கல்

கிரியாட்டினினுக்கும் ஹெச்பிஏ1சிக்கும் வெறும் வயிறு தேவையில்லை. 61க்கு இறங்கிய ஆளைப் பட்டினியோடு கூட்டிப் போக வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போகட்டும். சின்ன மாத்திரையைப் போடலாமா என்று நான் இங்கிருந்து சொல்லக் கூடாது. இன்று ராத்திரியே அரசு மருத்துவ ஆலோசனை எண்ணான 104க்குப் போன் போட்டு, சுகர் 61 வந்ததைச் சொல்லிக் கேளுங்கள். அம்மாவிடம் ஒரு பையில் டிராயரில் கிடக்கும் மெட்ஃபார்மின் அட்டைகள், கிளிமிப்பிரைடு, பொடி டப்பா, சுகர் மெஷின் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். ராத்திரி சுகர் 61, குளுக்கோஸுக்கு அப்புறம் 104 என்று ஒரு தாளில் நேரத்தோடு எழுதி மேலாக வைக்கட்டும். டாக்டர் இரண்டு நிமிஷம்தான் கொடுப்பார் என்றால், முதல் நிமிஷத்திலேயே அந்தத் தாள் அவர் கண்ணில் பட வேண்டும்.